நாற்பதில் கிழியாத பேன்ட்

மே 21, வியாழன்

கவுன்சலிங் பிரிசில்லா மேடம் இந்த நோட்டைக் கையில் கொடுத்து, "கோபம் வந்தா எழுதுங்க. எதுக்கு வந்துச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சு, எப்ப போச்சு" என்றார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடமே எழுதாதவன் நான். ஆஸ்பத்திரியில் வார்டு ஊழியர் ஒருவரைப் பிடித்துத் தள்ளினேன். அவர் போய் விழுந்ததில் கண்ணாடிக் கதவு நொறுங்கிவிட்டது. அதற்காகத்தான் இந்த மேடத்திடம் அனுப்பினார்கள். இரண்டு தடவை தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். என் பெண்டாட்டி செண்பகவல்லி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எட்டயபுரத்தில் அவள் அண்ணன் வீட்டில் படுத்துக்கொண்டு, "நோட்ட எழுதிக் கொண்டாங்க. படிச்சுட்டுத்தான் நம்ம வீட்டுக்கு வாரதா வேண்டாமான்னு சொல்லுவேன்" என்கிறாள்.

சரி செண்பகம், நீ படிக்கப்போகிறாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இன்றைய கோபம்: காலை ஏழே முக்காலுக்குத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. உதைத்தேன். பெருவிரல் நகம் போனது. மோட்டார் ஓடியது.

நடந்ததையும் எழுதச் சொன்னார் மேடம். மே 3, ஞாயிறு, பகல் ஒரு மணி. கயத்தாறு தாண்டிக் கோவில்பட்டிக்கு நான்குவழிச் சாலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், செண்பகம் பின்னால். நாற்பதில்தான் வந்தேன். ஒரு குட்டியானை லோடு வண்டிக்காரன் குறுக்கே அடித்தான். விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு வலது தொடையிலிருந்து முட்டிக்குக் கீழே வரை தோல் போய்விட்டது. என் பேன்ட் கிழியவில்லை, அவள் பேன்ட் கிழிந்தது. நாற்பதில் வந்தோம் என்றுதான் போலீசில் அவளும் சொன்னாள்.

ஆக, குற்றவாளி இரண்டு பேர். ஒருவன் மேல் கேஸ் போட்டாயிற்று. இன்னொருவன் அந்தப் பேன்ட்டை விற்ற மதுரைக்காரன்.

மே 22, வெள்ளி

கோபம் இல்லை. செல்போன் டவர் வேலைக்கு விளாத்திகுளம் போய்வந்தேன். போக வர நூறு கிலோமீட்டர், தார் உருகுகிற வெயில்.

மே 23, சனி

மதுரை. சிக்கந்தர் பாய் கடை. பைக் ஓட்டுகிறவர்களுக்கான ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், பேன்ட் எல்லாம் அங்கேதான். மார்ச்சில் செண்பகத்துக்கு அங்கேதான் வாங்கினேன். "வெயில்ல வேகுதுங்க, உங்க பேன்ட்டு மாதிரி கனமா எனக்கு வேண்டாம்" என்று அவள் சொன்னதால் வலைத்துணிப் பேன்ட். காற்று உள்ளே போய் வெளியே வரும், முட்டியிலும் இடுப்பிலும் பேடு இருக்கும்.

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். நான் பேசவில்லை. நேரே போய் பாயின் சட்டைக் காலரைப் பிடித்தேன். இழுத்த இழுப்பில் அவர் கல்லாவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டார். பேன்ட் மாட்டி வைத்திருந்த பொம்மை ஒன்று கீழே விழுந்து அதன் கால் தனியாக உருண்டது.

"என் பொண்டாட்டி காலப் பாத்தியா? வலை விக்கிறான், வலை! மீன் புடிக்கவா வித்த?"

பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது, ஆனால் கத்தவில்லை. "கைய எடுங்கண்ணே. எடுத்துட்டுப் பேசுங்க" என்றார். எடுத்தேன். தண்ணீர் குடித்தார், எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

"எத்தனையில விழுந்தீங்க?"

"நாப்பது."

"நாப்பதுல அது கிழியாதுண்ணே."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"உங்கள சொல்லல. துணியச் சொல்றேன்." அதே பேன்ட் ஒன்றை எடுத்து விரித்தார். வெளியே வலை இருந்தாலும் தொடை, முட்டி, பின்புறம் மூன்றிலும் கனத்த துணி இரண்டு மடிப்பாகத் தைத்திருக்கிறது. வெயிலுக்கு என்று தொளதொளவென்று வாங்கினால்தான் ஆபத்து, விழும்போது பேடு திரும்பி முட்டியை விட்டு விலகிவிடும், பிடிப்பாக இருக்க வேண்டும் என்றார். உள்ளே நைலான் லெக்கின்ஸ் போடக்கூடாது, உரசுகிற சூட்டில் உருகித் தோலில் ஒட்டும், பருத்திதான் போட வேண்டும். கறுப்பை விடச் சாம்பல் நிறம் வெயிலை வாங்காது. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். செண்பகத்துக்கு எடுத்ததும் பிடிப்பான அளவுதான், சாம்பல் நிறம்தான்.

கடைசியில் அந்த ஆள் சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் ஏறியது. "அதே பேன்ட்டு, அதே அளவு, சும்மா தாரேன். மண்ணு ரொப்பி நாப்பதுல ரோட்டுல போடுங்க. கிழிஞ்சா நான் கோவில்பட்டிக்கு வந்து அந்தத் தங்கச்சி கால்ல விழுறேன். ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் என்னது. கூட ஒரு சாட்சி வச்சுக்கங்க."

"வைக்கிறேன்யா. வச்சுக் காட்டுறேன்."

வாங்கிக்கொண்டு வந்தேன். கூடவே அவளுக்கு வேறு மூன்று பேன்ட்டும் எடுத்தேன், இந்தத் தடவை தப்பாகிவிடக் கூடாது. காலரைப் பிடித்தது எத்தனை மணிக்கு என்று பார்க்கவில்லை.

மே 25, திங்கள்

எட்டயபுரம். மச்சான் கருத்தபாண்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். செண்பகத்தின் மூத்த அண்ணன். தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரி. என்னைவிட ஆறு வயது மூப்பு, இரண்டு மடங்கு தோள்.

"உள்ள கட்டு மாத்துறாக. இங்கனயே இரும்" என்றார்.

நின்றேன். உள்ளே செண்பகம் கத்தினாள். ஊசி போட்டால்கூட முகம் சுளிக்காதவள் அவள். கட்டுத் துணி தோலோடு ஒட்டிப் பிய்கிறது போல. கத்துவது நின்று, மூச்சிரைப்பு கேட்டு, மறுபடி கத்தினாள். மச்சான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் மூன்று பேன்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு உள்ளே விட்டார்கள். பேன்ட்டை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினேன். ஒன்று உள்ளே லேசில் கிழியாத மஞ்சள் நூல் துணி தைத்த ஜீன்ஸ், பாதுகாப்பு ஆனால் வேகும். இரண்டாவது தொடையில் நீளமாக ஜிப் வைத்தது, திறந்துவிட்டால் காற்று. மூன்றாவது பாதி வலை, பாதி கனத்துணி. செண்பகம் ஒன்றையும் தொடவில்லை.

"சூடு இறங்காம இருக்கது இதுல எது?" என்றாள்.

"எல்லாமே வெயிலுக்குத்தான்."

"வெயிலச் சொல்லல. ரோட்டுச் சூடு."

எனக்குப் புரியவில்லை. மச்சான் குறுக்கே வந்தார். "டாக்டரு கேட்டாரு மாப்ள. இது உரசுன காயம் மட்டும் இல்லையாம். வெந்துருக்காம். தார்ல அந்தக் காலு எம்புட்டு நேரம் கெடந்துச்சுன்னு கேட்டாரு. நான் என்னத்தக் கண்டேன்? உமக்குத் தெரியுமா?"

வலைத்துணி, அதுதான் சூடு இறங்கிவிட்டது, இதையும் சேர்த்து அந்த மதுரைக்காரனிடம் கேட்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு மச்சானையே சாட்சியாக வரச் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கத்தரியால் வெட்டி எடுத்த பழைய பேன்ட்டைப் பாலிதீன் பையில் பத்திரமாக வைத்திருக்கிறாராம், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். மனுஷன் இப்போதுதான் என் பக்கம் வருகிறார்.

செண்பகம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மே 26, செவ்வாய்

கயத்தாறு டவருக்குப் போனேன். பகல் ஒரு மணிக்கு வேலை முடிந்தது. சரி, இதையும் பார்த்துவிடலாம் என்று பையிலிருந்து பாய் சும்மா கொடுத்த வலைத்துணிப் பேன்ட்டை எடுத்து, அவள் அளவு என்றாலும் இழுத்துப் போட்டுக்கொண்டு, டவருக்கு முன்னால் தார் ரோட்டில் வலது தொடை படும்படி ஒருக்களித்துப் படுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இருபது எண்ணும்போது சுரீர் என்றது. நாற்பது எண்ணுவதற்குள் துள்ளி எழுந்துவிட்டேன். தொடை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. எண்ணெய் தடவினேன்.

அடுத்து ஜீன்ஸைப் போட்டுப் படுத்தேன். எழுபது வரை தாங்கியது. பாதி வலை ஐம்பத்தைந்து.

வாட்ச்மேன் ஓடிவந்து, "என்ன சார், மயக்கமா?" என்றான். வேலையைப் பாருடா என்று விரட்டினேன். அது கோபத்தில் சேராது.

திரும்பி வரும்போது ஒரு கார்க்காரன் பின்னால் வந்து ஹாரனில் கையை வைத்துக்கொண்டே வந்தான். நான் ஓரம் போக மாட்டேன். அவன் ஒதுங்கி முன்னால் போகும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். அடுத்த சிக்னலில் போய் நின்று அவன் பக்கக் கண்ணாடியை ஒரே குத்தில் பெயர்த்தேன். உள்ளே ஒரு அம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அந்த அம்மா பிள்ளைகளின் முகத்தை மடியில் அழுத்திக்கொண்டது. மூன்றரை மணி. எப்போது போனது என்று தெரியவில்லை.

செண்பகம், உன்மேல் நான் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். பாத்திரம் எறிந்திருக்கிறேன், உன்மேல் படும்படி எறிந்ததில்லை.

மே 28, வியாழன்

ஸ்டேஷனிலிருந்து கேஸ் எழுதுகிற ரைட்டர் கூப்பிட்டார். குட்டியானைக்காரன் பெயர் சந்தனராஜ். கழுகுமலைப் பக்கம் ஒரு ஊர். லைசென்ஸைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம், வண்டியும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. அவன் வேலை போய்விட்டதாம்.

"அவன் மூக்கு எலும்பு ஒடஞ்சிருக்கு, ரெண்டு பல்லு இல்ல. எப்படின்னு கேட்டா பயந்துபோயி வாயத் தொறக்க மாட்டேங்கான். நீங்க பாத்தீங்களா?" என்றார்.

ஸ்டியரிங்கில் இடித்திருக்கும் என்றேன்.

"வண்டியில ஒரு கீறல்கூட இல்லையே இசக்கிமுத்து."

எனக்கென்ன தெரியும் என்றேன். எழுதிக்கொண்டார்.

வந்து ஹெல்மெட்டைக் கழுவிவைத்தேன். கண்ணாடி உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். அந்தப் பக்கம் பெயிண்டும் போயிருக்கிறது. எனக்குத் தலையில் ஒரு அடியும் படவில்லை, கடவுள் புண்ணியம்.

மே 31, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாதியில் விட்டால் நீ கேட்பாய்.

நான்குவழிச் சாலை வந்த பிறகு ஆளில்லாமல் கிடக்கிற பழைய ரோட்டுத் துண்டு ஒன்று இருக்கிறது. காலை பத்து மணிக்கு நானும் மச்சானும் அங்கே போனோம். பாய் கொடுத்த பேன்ட்டின் கால்களில் ஈர மண்ணைச் சாக்கில் கட்டி நுழைத்து, இடுப்பை இறுக்கித் தைத்தோம். நல்ல கனம். பேடு இருக்கிற இடத்தில் இருந்தது. மச்சான் என் பின்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் நாற்பதைத் தொட்டதும் "போடுங்க" என்பேன், அவர் வலது பக்கமாகத் தள்ளிவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

நாற்பதில் போட்டோம். அது இரண்டு தடவை புரண்டு, சறுக்கி, நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தோம். தொடையில் வெள்ளையாக ஒரு உரசல். அவ்வளவுதான். தையல்கூட விடவில்லை, பேடு அசையவில்லை.

மச்சான் பாலிதீன் பையிலிருந்து பழையதை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். அது தொடையிலிருந்து முட்டி வரை நார் நாராகத் தொங்கியது. ரத்தம் காய்ந்து அட்டையாக இருந்தது.

"மண்ணு கனம் பத்தாது மச்சான்" என்றேன்.

"அப்படியா? அப்ப அம்பதுல போடுவோம்."

ஐம்பதில் கிழியவில்லை. அறுபதில் ஓரத்தில் ஒரு தையல் விட்டது. போதும், போகலாம் என்று நான் வண்டியைத் திருப்பினேன். மச்சான் ஏறி உட்கார்ந்தார். இறங்கவில்லை. என் தோளுக்கு மேலே எட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "போம்" என்றார்.

எழுபது. எண்பது. எண்பதில் அவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள், கை சில்லென்று இருந்தது. "செம்பகம் இந்த இடத்துலதான உக்காந்திருந்தா?" என்று காதுக்குள் கேட்டார். "போம்லே" என்றார்.

தொண்ணூற்றைந்தில் போட்டது. அது பத்து தடவையாவது எகிறி எகிறி விழுந்தது. மண் சிதறியது. நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவர்தான் போனார். தூக்கிப் பிடித்தார். தொடையிலிருந்து முட்டி வரை நார் நாராக, பேடு திரும்பி வெளியே நீட்டிக்கொண்டு. இரண்டு கையிலும் இரண்டு பேன்ட். எது ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது என்று ரத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

"நாப்பதுன்னியே" என்றார்.

"மச்சான், அது வந்து..."

முதல் அடி காதில். உலகமே ஙொய் என்றது. இரண்டாவது வாயில். நானும் சும்மா இல்லை, வயிற்றில் முட்டி அவரைக் கீழே தள்ளினேன், தோளைக் கடித்தேன். அவர் என்னைப் புரட்டிப்போட்டு முதுகில் ஏறி உட்கார்ந்து என் கன்னத்தை ரோட்டில் வைத்து அழுத்தினார். பதினோரு மணி ரோடு. "சுடுதா? சொல்லுலே, சுடுதா?" என்று கேட்டுக்கொண்டே அழுத்தினார். சுடுகிறது என்று கத்தினேன். விடவில்லை. விட்டபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.

"எதுக்குலே தொண்ணூத்தஞ்சு? எதுக்கு?"

சொன்னேன். அந்தக் குட்டியானை கயத்தாற்றில் என்னை உரசுகிற மாதிரி முந்திப்போனது. ஹாரன் அடிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. விடுவேனா? துரத்தினேன். பக்கத்தில் போய் அவன் கதவை உதைத்தேன். இரண்டாவது தடவை உதைக்கக் காலைத் தூக்கினபோது என் வண்டி ஆடிவிட்டது. அவன் குறுக்கே அடிக்கவில்லை.

மச்சான் இரண்டு பேன்ட்டையும் பையில் போட்டுக்கொண்டார். வண்டியில் ஏற மாட்டேன் என்று வெயிலிலேயே நடந்து போனார்.

ஜூன் 1, திங்கள்

ஒரு கண் திறக்கவில்லை. வேலைக்குப் போகவில்லை. அவர் அடித்ததற்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

ஜூன் 3, புதன்

செண்பகம் வரச் சொன்னாள். போனேன். மச்சான் என்னைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணனா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி" என்றாள். நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். ஒரு பக்கம் விடாமல் படித்தாள். தொட்டி நிறைந்து தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, யாரும் போய் நிறுத்தவில்லை. மே 26ஆம் தேதியை இரண்டு தடவை படித்தாள்.

"நாப்பது எண்ண முடியலையா உங்களால?"

என் தொடையைத் தடவிக்கொண்டேன்.

"நீங்க துரத்துறது எனக்குப் பழக்கந்தான். பின்னால உக்காந்து முதுகுல குத்துவேன், நீங்க கேக்க மாட்டீக, பெறகு வீட்டுக்கு வந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி சோறு கேப்பீக. விழுந்ததக்கூட விட்டுறலாம். வண்டின்னா விழத்தான் செய்யும்." மூச்சு வாங்கினாள். "ரோட்டுல கெடந்தேன். எந்திரிக்க முடியல. காலு என் ஒடம்புக்கு அடியில மாட்டிக்கிருச்சு. உங்களக் கூப்புட்டேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. நீங்க அந்த ஆள இழுத்துப் போட்டு ஹெல்மெட்டால அடிச்சுக்கிட்டு இருந்தீக. மூணாவது தடவ திரும்பிப் பாத்தீக. என்ன சொன்னீகன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"சொல்லுங்க."

"இருடீன்னேன்."

"அம்புட்டுத்தான். சொல்லிட்டு மறுபடி அவன அடிக்கப் போயிட்டீக. நான் வெந்துக்கிட்டு இருந்தேன்." இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. "என்னய யாரு தூக்குனான்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஆம்புலன்ஸ்காரர்கள் என்று சொன்னேன். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவன். மூஞ்சியெல்லாம் ரத்தம். உங்க கையில இருந்து பிச்சுக்கிட்டு ஓடி வந்தான். தப்பிச்சு ஓடுறான்னு நீங்க பின்னாலயே வந்து முதுகுல அடிக்கிறீக. அவன் அடி வாங்கிக்கிட்டே ரெண்டு கையையும் எனக்கு அடியில குடுத்துத் தூக்குனான். சட்டையக் கழட்டி விரிச்சு அதுல வச்சான். அவன் பல்லு என் மடியில விழுந்துச்சு."

நான் மூன்று பேன்ட்டையும் கொண்டுபோயிருந்தேன். எதற்குக் கொண்டுபோனேன் என்று இப்போது தெரியவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல பேன்ட்டுதான். ரோட்டுக்கு எது வேணாலும் போட்டுக்கிடலாம். உங்களுக்கு நான் எதப் போட்டுக்கிட்டு நிக்க?" என்றாள்.

பிறகு, ஸ்டேஷனில் போய் உள்ளதைச் சொல்லச் சொன்னாள். நாற்பது என்று அவளும் பொய் சொன்னதை அவளே வந்து சொல்லிக்கொள்கிறாளாம்.

"சொன்னா வீட்டுக்கு வந்திருவியா?" என்று கேட்டேன்.

"வாரேன்னு சொன்னா எனக்காகப் போவீக. அதனால சொல்ல மாட்டேன்."

ஜூன் 4, வியாழன்

ஸ்டேஷன் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். அந்தக் குட்டியானை அங்கேதான் நிற்கிறது. கதவில் என் ஷூ அடையாளம் இருக்கிறது. ஒரு மாதமாக அது எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு நிற்கிறது, ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஜூன் 6, சனி

சொன்னேன்.

தொண்ணூற்றைந்து. துரத்தியது, உதைத்தது, அடித்தது. ரைட்டர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "யோவ், ஒம்மேல கேஸ் வரும்யா. தெரிஞ்சுதான் பேசுறியா?" என்றார். தெரியும் என்றேன். எத்தனை அடி அடித்தாய் என்று கேட்டார். எண்ணவில்லை. எத்தனை நிமிஷம் என்று கேட்டார். அதுவும் தெரியாது, ஆனால் நாற்பது எண்ணுவதைவிட ரொம்ப அதிகம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு அறை விட்டார். வாங்கிக்கொண்டேன். கை தானாக முஷ்டி மடங்கியது, பின்னால் கட்டிக்கொண்டேன். அந்தக் கோபம் அவர்மேல் வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் லைசென்ஸை வாங்கிவைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை சந்தனராஜுக்கு அவனுடையது கிடைத்துவிடும் என்றார்கள். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 8, திங்கள்

இரண்டு பஸ் மாறி சந்தனராஜ் ஊருக்குப் போனேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து அரை மணி நேரம் நடக்க வேண்டும். இந்த வெயிலில் நடந்து எத்தனை வருஷம் ஆகிறது.

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். முப்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் எழுந்து, முதலில் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கினான். நான் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறேன், பத்தடி தள்ளி. அதற்கே அப்படித் தூக்கினான். உள்ளேயிருந்து அவன் அம்மா விறகுக்கட்டையோடு வந்தது.

"அடிக்க வரல" என்றேன். "ஸ்டேஷன்ல உள்ளதச் சொல்லிட்டேன். லைசென்ஸ் குடுத்துருவாங்க."

"போன் வந்துச்சு" என்றான். பல் இல்லாத இடத்தில் காற்றுப் போய் வார்த்தை குழறியது. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

அந்த அம்மா கட்டையைக் கீழே போடவில்லை. "எம்புள்ள மூஞ்சியப் பாரு. நல்லாப் பாரு. பொண்ணு பாத்து வச்சிருந்தோம், நின்னு போச்சு. மாட்டக்கூட இப்படி அடிக்க மாட்டானேடா எவனும்" என்று கத்தியது. ஒரு தடவை அடித்தது, தோளில். இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது அவன்தான் பிடித்தான். "விடும்மா."

மன்னிச்சிரு என்று சொல்லத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாயில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அவன் கேட்டான்: "அந்த அக்காவுக்குக் கால் எப்படி இருக்கு?"

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"புண்ணு ஆறித் தோலு புடிச்சிருச்சா? நீட்டி மடக்க முடியுதா? தூங்குறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. ஐந்து வாரமாக எந்தத் துணி எத்தனை எண்ணிக்கை தாங்கும் என்று தெரிந்துவைத்திருக்கிறேன். என் பெண்டாட்டிக்குக் கால் மடங்குகிறதா என்று தெரியாது. நான் அவளிடம் கேட்டதே இல்லை. இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"கேட்டுச் சொல்லுதேன்" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

அவன் வாசலுக்கு எதிரே, வெயிலிலேயே நின்று, செண்பகத்துக்குப் போன் போட்டேன். ஐந்தாவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள். ஸ்டேஷன், கேஸ் ஒன்றையும் சொல்லவில்லை.

"கால் எப்படி இருக்கு?" என்றேன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வலிக்குது" என்றாள்.

அப்புறம் அவள் அழ ஆரம்பித்தாள். அவள் கத்திக் கேட்டிருக்கிறேன், அழுது கேட்டதில்லை. வீட்டுக்கு வாரியா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். சொன்னாள். நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.